கோட்டுக்கு இந்தப் பக்கம்

பகல் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் நுழைய அவள் மூன்று தடுப்புகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முதலில் வெளியே தொங்கும் கம்பளி, அப்புறம் கதவு, அதற்கும் உள்ளே இரண்டாக மடித்துத் தைத்த கறுப்புத் துணி. ஒன்று முழுதாக மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். கையில் சூப் கிண்ணம் இருந்ததால் கம்பளியைத் தோளாலும் கதவை இடுப்பாலும் தள்ளினாள். துணிக்கு முன்னால் ஒரு நொடி நின்று, முதுகுக்குப் பின்னால் வெளிச்சக் கீற்று எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். பத்தொன்பது வருடம் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே பிலிம் கழுவிய உடம்பு அது. இருட்டுக்குள் போக வர அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்து, அவளை ரிப்போர்ட் கவுன்டருக்கு மாற்றி ஆறு வருடம் ஆகியும் அங்கே எல்லோருக்கும் அவள் டார்க்ரூம் அக்காதான்.

அறை முழுக்கச் சிவப்பாக இருந்தது. மேசையில் கணவர் உட்கார்ந்திருந்தார். இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி விளக்கு. முன்னால் ஒரு கட்டு அச்சுத்தாள். பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவர். நாளைக் காலை எட்டு மணிக்குக் கன்னத்தைக் கிழிக்கப் போகிறார்கள் என்றாலும், இன்றைக்குள் புத்தகத்தின் பதினாறாம் பாரத்தை, அதன் பதினாறு பக்கத்தையும், முடித்துவிட வேண்டும் அவருக்கு.

“சாப்பிட்டுட்டுப் பாருங்க.”

“வை. ஒரு பக்கம்தான்.”

“காலையிலேருந்து அதே ஒரு பக்கம்தான் சொல்றீங்க.”

அவர் சிரிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டு வருடம் முன்பு நடந்த முதல் அறுவைக்குப் பிறகு அவருடைய சிரிப்பு எப்போதுமே வலது பக்கத்தோடு நின்றுவிடும். இன்று வலது பக்கம்கூட முழுதாக எழவில்லை.

“இந்தப் பக்கம் என்னவோ எரியுது,” என்றார். “மொளகா பட்ட மாதிரி.”

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மற்ற கன்னம் மாதிரியே வெளுப்பாக இருந்தது. புறங்கையால் தொட்டாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். தோல் கொதித்தது. கொதித்ததோடு இல்லை, ஊதிய பலூன் மாதிரி விண்ணென்று இருந்தது.

“எப்பலேருந்து?”

“நேத்து சாயங்காலமே குறுகுறுன்னுச்சு. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன்.”

“மருந்து வேலை செய்ய வேண்டியது நாளைக்குங்க.”

அவரைக் கையைப் பிடித்துத் தூக்கி, கறுப்புத் துணியை விலக்கி, கதவை இரண்டு விரல் அளவு மட்டும் திறந்து கம்பளியை ஒதுக்கினாள். நடைவழியின் மங்கல் வெளிச்சம் அவர் முகத்தில் ஒரு கோடாக விழுந்தது. இடது காதிலிருந்து தாடை வரை செக்கச்செவேலென்று இருந்தது. இடது புறங்கையும் அப்படியே. முழுக்கைச் சட்டை முடிந்த இடத்தில் யாரோ அளவெடுத்து வெட்டியது மாதிரி சிவப்பும் நின்றிருந்தது.

சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது. பத்தொன்பது வருடம் அதற்குள் வேலை பார்த்தவளுக்கு அது தெரியாமல் இல்லை. நேற்றிலிருந்து ஏழெட்டுத் தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல நிறமாக இருக்கிறார், பயம் இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்பியிருக்கிறாள்.

கதவை மூடினாள்.

முதல் தடவை கன்னத்துப் புற்றை வெட்டி எடுத்தபோது ரிப்போர்ட்டில் ஓரம் சுத்தம், நோய் மிச்சமில்லை என்று எழுதியிருந்தது. சுத்தமான அந்த ஓரத்திலேயேதான் பதினாலாம் மாதம் ஒரு பாசிமணி அளவுக்கு மறுபடி முளைத்தது. இந்த முறை பார்த்த பெண் டாக்டர் பூசி மெழுகவில்லை. “கண்ணுக்குத் தெரியறத நான் கத்தியால எடுத்துடுவேன். தெரியாதது ரெண்டு மூணு அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் திரும்ப வருது. இன்னொரு தடவை வந்தா வெட்ட அங்க எடம் இல்ல, தாடையத்தான் எடுக்கணும்,” என்றார். அதற்காகத்தான் நேற்றுக் காலை போட்ட இந்த ஊசி. உடம்பு முழுக்கப் பரவி, கெட்ட செல்களில் மட்டும் தங்கிவிடும். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து, கட்டியை எடுத்த கையோடு அந்தக் குழிக்குள் ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் மருந்து விழித்துக்கொண்டு, ஒளிந்திருப்பவற்றைக் கொன்றுவிடும். அதுவரை வெளிச்சம் படாமல் ஆளைப் பாதுகாக்க வேண்டும். போன மாதம் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், ஐந்து நிமிஷம்தானே என்று வெயிலில் நடந்து கடைக்குப் போய் முகம் வெந்துபோனார். அறுவையைத் தள்ளிப்போட்டார்கள். புண் ஆறுவதற்குள் உடம்பிலிருந்து மருந்து போய்விட்டது. மறுபடி போடவில்லை. சிஸ்டர் இதை எச்சரிக்கையாகச் சொன்னார். அவள் சவாலாக எடுத்துக்கொண்டாள். வெளிச்சம் படாமல் ஒன்றைப் பாதுகாப்பது எப்படி என்று தனக்கா சொல்கிறார்கள்?

அன்றைக்கே ஸ்கேன் சென்டர் சாமான் அறையில் தூசி படிந்து கிடந்த பழைய விளக்கைத் துடைத்து எடுத்து வந்தாள். கறுப்புத் தகரப் பெட்டி, முன்னால் சிவப்புக் கண்ணாடி. எந்த வெளிச்சம் பட்டாலும் கெட்டுப்போகிற பிலிம், அதற்குக் கீழே மட்டும் பத்திரமாக இருக்கும். பிலிமுக்கே ஒன்றும் ஆகாது என்றால் மனுஷனுக்கு என்ன ஆகப்போகிறது? படிக்க வெளிச்சம் பத்தவில்லை என்று அவர் முனகியபோது, உள்ளே இருந்த சின்ன பல்பைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டியதும் அவள்தான். சிவப்பு சிவப்புதானே.

ஆஸ்பத்திரி நம்பருக்காக அவர்கள் கொடுத்த நாலு பக்கக் கையேட்டைத் தேடி எடுத்து நடைவழியில் நின்று புரட்டினாள். கணவர் அதையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறி. மூன்றாம் பக்கத்தில், ‘பாய்ச்சப்படும்’ என்பதில் விட்டுப்போன ஒற்றெழுத்தை ஓரத்தில் அழகாக எழுதியிருந்தார். அவள் அந்த வரியை முதலிலிருந்து படித்தாள். கட்டி அகற்றப்பட்ட பின் அவ்விடத்தில் சிவப்பு நிற லேசர் ஒளி பாய்ச்சப்படும். சிவப்பு ஒளியே தசைக்குள் ஆழமாக இறங்கி மருந்தைத் தூண்டவல்லது.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்ப அறைக்குள் போய் முதல் காரியமாக விளக்கை அணைத்தாள். கும்மிருட்டில் அவர் குரல் வந்தது. “ஏய், வரி தவறிடும்.”

“இந்தப் புக்குல மூணாம் பக்கம் படிச்சீங்களா?”

“படிக்காம? நாலு தப்பு.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“எழுத்தத்தான் பாத்தேன்,” என்றார் மெதுவாக. “விஷயத்துக்குள்ள போனா தப்பு கண்ணுல படாது. தொழில் அப்படி.”

அவள் படித்த வரியைச் சொன்னாள். இருட்டில் நாற்காலி கிறீச்சிட்டது.

“சரி,” என்றார். “உன் தொழில் ஒரு பக்கம், என் தொழில் ஒரு பக்கம். ரெண்டும் சேந்து என்னய ரெண்டு நாளா வாட்டி எடுத்திருக்கு.”

அவளால் சிரிக்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இரண்டாவது மணியில் வார்டு சிஸ்டர் எடுத்தார். அவள் கணவர் பெயரைச் சொல்லி, நாளைக்கு அறுவையில் முதல் ஆள் என்று சொல்லி, கன்னம் சிவந்திருக்கிறது என்றாள்.

“எவ்ளோ நேரமா? வீங்கியிருக்கா? வெளிய கூட்டிட்டுப் போனீங்களா?”

“இல்ல சிஸ்டர். வீட்டுக்குள்ளயேதான்.”

“அப்ப எங்கேருந்து வெளிச்சம் வந்துச்சு?”

சமையலறை ஜன்னலில் எதிர்வீட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் அத்தனையையும் வெளுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வெந்த முகத்துக்காரர் நினைவுக்கு வந்தார். மறுபடி போடவில்லை என்று சிஸ்டர் சொன்ன விதம் நினைவுக்கு வந்தது.

“ஜன்னல் திரை கொஞ்சம் விலகியிருந்துச்சு போல,” என்றாள். “வெயில் கீத்து பட்டிருக்கும்.”

“கவனமா இருக்கச் சொன்னேன் இல்ல?” சிஸ்டர் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பினார். “ராத்திரி அட்மிஷன் வரைக்கும் வெக்க வேணாம். இப்பவே கூட்டிட்டு வாங்க. டாக்டர் நாலு மணி வரைக்கும்தான் இருப்பாங்க, பாத்துட்டு நாளைக்கு உண்டா இல்லையான்னு சொல்லிடுவாங்க. ஆனா வெயில் சுத்தமாப் படக்கூடாது. கண்ணாடி வழியாக்கூட.”

மணி இரண்டு இருபது. வெளியே நட்டநடு வெயில். எந்த டாக்சியில் கண்ணாடி இல்லை? எந்த ஆட்டோவுக்குக் கதவு இருக்கிறது? அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். பின்பக்கம் ஜன்னலே இல்லாத, நாலு பக்கமும் தகரம் அடித்த வேன்.

“எங்கடா இருக்க?”

“கடைசி ரவுண்டுக்கா. இன்னும் மூணு கடைக்கு ரொட்டி போடணும்.”

“ரொட்டிய அப்புறம் போடு. மாமாவ ஏத்தணும்.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் வேனைப் பின்னுக்கு எடுத்து வாசல் படியோடு ஒட்டி நிறுத்தினான். இரண்டு கதவையும் விரித்து, இடைவெளியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். கம்பளி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையுறை, காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து நின்ற மாமாவைப் பார்த்து ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தான்.

“எந்த பேங்க்கக் கொள்ளையடிக்க மாமா?”

“ஓட்டுற வேலையப் பாருடா,” என்றது கம்பளிக்குள்ளிருந்து குரல்.

பின்கதவு சாத்தியதும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சூடான ரொட்டி வாசனை மூச்சை அடைத்தது. இரண்டு பக்கமும் தட்டு அடுக்குகள் குலுங்கின. அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அடுக்குகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. முன்னால் தம்பி ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான்.

“சிஸ்டர்கிட்ட சொல்லிட்டியா?” என்றார் அவர்.

“சொன்னேன்.”

“என்னன்னு?”

ஏதோ ஒரு சிக்னலில் வேன் நின்றது. வெளியே யாரோ யாரையோ திட்டுவது கேட்டது. மறுபடி கிளம்பியது.

“ஜன்னல்னு சொன்னேன்,” என்றாள்.

அவர் அவள் கையை ஒரு தரம் அழுத்தினார். நல்லதுக்கா, கெட்டதுக்கா என்று இருட்டில் அவளுக்குத் தெரியவில்லை. நிஜத்தைச் சொன்னால், இரண்டு நாளாக மருந்தை வீணடித்துவிட்டார்கள் என்று நாளைய அறுவைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடலாம். பொய்யோடு உள்ளே போய், நாளைக்குக் கன்னத்தைத் திறந்த பிறகு ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால்? இரண்டில் எது அவரை அதிகம் காப்பாற்றும் என்று கணக்குப் போட்டுப் போட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு விடை வந்தது.

ஆஸ்பத்திரியில் சரக்கு இறக்கும் பின்வாசல் வழியாகப் போனார்கள். காவலாளி ரொட்டி வந்திருக்கிறது என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார். வார்டின் கடைசி அறையில் திரை போட்டு, மூலையில் ஒரே ஒரு மங்கல் விளக்கு எரிந்தது. அதே பெண் டாக்டர் வந்தபோது மணி மூன்று ஐந்து. குள்ளமானவர், காலில் செருப்புச் சத்தமே இல்லாமல் நடப்பவர். கம்பளியை விலக்கிக் கன்னத்தைப் பார்த்தார். புறங்கையைப் பார்த்தார். சட்டைக் கையின் ஓரத்தில் நேர்கோடாக நின்ற சிவப்பை வெகுநேரம் பார்த்தார்.

“இது ஜன்னல் வெயிலா?”

“ஆமா டாக்டர்,” என்றார் கணவர், அவள் வாய் திறப்பதற்கு முன்னால். “திரை விலகிடுச்சு. நான்தான் கவனிக்கல. தூங்கிட்டேன்.”

எவ்வளவு நேர்த்தியாகச் சொல்கிறார் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு பொய்யையும் இவ்வளவு தடங்கல் இல்லாமல் சொன்னதில்லை.

டாக்டர் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார். “வெயில்னா பரவால்ல. மேல்தோலோட போயிருக்கும். ஆயின்மென்ட் போட்டு...”

“வெயில் இல்ல டாக்டர்,” என்றாள் அவள்.

கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் சொன்னாள். ஸ்கேன் சென்டரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி, சிவப்புக் கண்ணாடி, பெரிய பல்பு, ஒரு சாண் தூரம், நேற்று ஒன்பது மணி நேரம், இன்று ஏழு. ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல டாக்டரின் பேனா நின்றுபோனது. சிஸ்டர் வாய்க்குள்ளேயே, “யாரு உங்கள அவ்ளோ இருட்டாக்கச் சொன்னது? சாதா ரூம் வெளிச்சம் போதும்னுதானே...” என்று ஆரம்பித்து, டாக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“எக்ஸ்ரே டார்க்ரூம்ல இருந்தீங்களா?” என்றார் டாக்டர்.

“பத்தொம்பது வருஷம்.”

“எல்லார்கிட்டயும் வெயில்ல போகாதீங்கன்னு சொல்றோம். வீட்டுல செகப்பு வெளக்கு இருக்கான்னு யாரையும் கேட்டதில்ல.” பேனாவை மூடினார். “வாயத் தெறங்க.”

கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு, கன்னத்தை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தார். கணவரின் கால்கள் போர்வைக்குள் இழுத்துக்கொண்டன. டாக்டர் வெளியே எடுத்த விரலைப் பார்த்தார். பிறகு பேசியது முழுக்கச் சிஸ்டரிடம். வீக்கம் வடிய உடனே ஒரு ஊசி, மறுபடி ராத்திரி ஒன்று, இடைவிடாமல் குளிர் ஒத்தடம், மயக்க மருந்து டாக்டரை இப்போதே வரச் சொல்லணும். சிஸ்டர் ஓடினார்.

“வெயில்னு எழுதியிருந்தா இதுல ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்,” என்றார் டாக்டர் அவளிடம். பாராட்டாக இல்லை. திட்டாகவும் இல்லை. “உள்கன்னமும் லேசா வீங்கியிருக்கு. இதுக்கு மேல வீங்குனா மூச்சுக்குழாய் போட முடியாது. அப்ப நாளைக்கு எதுவும் பண்ண முடியாது.”

“தள்ளி வெச்சா?”

“ரெண்டு நாள் தள்ளலாம். அதுக்கு மேல மருந்து இருக்காது, ஒளிக்கு வேலை இல்ல. வெறும் கத்திதான்.”

போன தடவையும் வெறும் கத்திதான். யாரும் அதைச் சொல்லவில்லை.

டாக்டர் பையிலிருந்து தோலில் எழுதும் ஊதாப் பேனாவை எடுத்தார். சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரமாகவே, காதுமடலுக்குக் கீழே தொடங்கி, கன்ன எலும்பை ஒட்டிப் போய், மூக்குக்கு இரண்டு விரல் இப்பால் இறங்கி, தாடையில் கொண்டுவந்து முடித்தார். ஒரு தீவின் வரைபடம் மாதிரி இருந்தது.

“காலைல ஆறு மணிக்கு வந்து பாப்பேன். செகப்பு இந்தக் கோட்டுக்கு உள்ளயே இருக்கணும். தாண்டியிருந்தா வீக்கமும் ஏறியிருக்கும். நாளைக்கு இல்ல.”

“என் மூஞ்சிலேயே மார்ஜின் போட்டுட்டாங்க,” என்றார் கணவர், பாதி வாயால். டாக்டருக்கு அது புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. அவர் எதிர்பார்த்தது அவள் முகத்தில் ஒரு சிரிப்பைத்தான் என்பதும் புரிந்தது. உதட்டை எப்படியோ அசைத்துக் காட்டினாள்.

அதற்கு மேல் அவளை உள்ளே விடவில்லை. கதவைத் திறந்து திறந்து மூடினால் வெளிச்சம் உள்ளே போகும் என்றார் சிஸ்டர். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு இருட்டறைக்கு வெளியே நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தம்பி கொடுத்துவிட்டுப் போன ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டாள். சிஸ்டர்கள் ஐஸ் கட்டி உள்ள தட்டோடு போவதும் தண்ணீர் உள்ள தட்டோடு வருவதுமாக இருந்தார்கள். வெளியே வருகிறவர்களின் முகத்தை அவள் ஒவ்வொரு முறையும் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண், அதில் ஒன்றும் எழுதியிருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சிஸ்டர் போய் வேறு ஒருத்தர் வந்தார். “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாள். “டாக்டர்தான் சொல்லணும்,” என்றார் அவரும்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். அறைக்கு வெளியே டிராலி தயாராக நின்றது. அதைத் தள்ளுகிறவர், அறுபதை நெருங்கும் மனிதர், நீலத் தொப்பியைச் சரி செய்துகொண்டு அவளுக்கு வழி விட்டார். உள்ளே மூலை விளக்கு மட்டும். கணவர் மல்லாந்து படுத்திருந்தார். கன்னத்தில் ஈரத்துணி. அவள் வருவதைப் பார்த்ததும் கையைத் தூக்காமல் இரண்டு விரலை மட்டும் அசைத்தார்.

“எரியுதா?”

“ஐஸ் வெச்சு வெச்சு மரத்துப்போச்சு. எரியுதான்னு எனக்கே தெரியல.”

டாக்டர் வந்தார். பின்னாலேயே மயக்க மருந்து டாக்டர், அவருக்குப் பின்னால் வார்டு சிஸ்டர், கடைசியில் டிராலியை வாசல் வரை தள்ளிக்கொண்டு அந்தப் பெரியவர். யாரும் காலை வணக்கம் சொல்லவில்லை. டாக்டர் ஈரத்துணியை ஒரு முனையில் பிடித்து மெதுவாகத் தூக்கினார். ஊதாக் கோடு ஐஸ் தண்ணீரில் அங்கங்கே கரைந்து, இரண்டு மூன்று இடத்தில் கிளை விட்டிருந்தது. கட்டில் காலடியில் நின்ற இடத்திலிருந்து அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. டாக்டர் குனிந்தார். மயக்க மருந்து டாக்டர் அந்தப் பக்கமிருந்து குனிந்தார். இரண்டு முதுகுகள் சேர்ந்து அந்த முகத்தை முழுசாக மறைத்துவிட்டன. முழங்கை அசைவிலிருந்து எங்கேயோ அழுத்துகிறார் என்று தெரிந்தது. “இங்க பாருங்க” என்பதும், “ம்” என்பதும் கேட்டது. எந்த இடத்தைக் காட்டினார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, தெரியவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு பாதங்களும் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டன.

அவள் திரும்பினாள். வாசலில் டிராலிக்காரர், சக்கரத்து பிரேக்கின் மேல் வலது காலை வைத்து, அழுத்தாமலும் எடுக்காமலும், தியேட்டருக்குத் தள்ளவா வேண்டாமா என்று டாக்டர் நிமிர்ந்து சொல்வதற்காகக் காத்து நின்றார்.